பெரிய லேத்தின் அளவு

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில் முன் சீட்டில் ஒரு லேத் பட்டறைக்காரர், அவர் மனைவி, பின்னால் நான். அவர் மடியில், வெட்டும் டூலைச் சட்டென்று மாற்றிப் பூட்ட உதவும் புது டூல் போஸ்ட், பெட்டியோடு.

“இது நம்ம லேத்துக்குச் சேராது,” என்றார் அவர். “எவ்வளவு இறக்குனாலும் டூல் மூக்கு, சுத்துற இரும்போட சென்டருக்கு மேலயே நிக்கும்.”

“அளவு சொல்லித்தானே வாங்குனீங்க?” என்றார் மனைவி.

“வித்தோமே பெரிய லேத்து, அதோட அளவு வாயில வந்துடுச்சு.”

“அது போயி ரெண்டு வருசம் ஆவுது. என் வளையல் அளவு மட்டும் வாயில வர மாட்டேங்குது.”

அவர் மடியிலிருந்த பெட்டியைத் தடவிக்கொண்டிருந்தார்.

“எறங்குங்க, இப்பவே போயி மாத்திடலாம். நாளைக்கு வேலை கெடக்குல்ல.”

“காலையில மாத்திடறேன். இன்னைக்கு ஒரு நாள் வூட்ல இருக்கட்டுமே.”