நீலப் பெற்றோல்

புல் வெட்டும் மெஷினுக்குப் பெற்றோல் கலப்பது தேத்தண்ணீர் ஊற்றுவதைவிட லேசான வேலை. அதைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியாதவர்கள்தான் எங்கள் ஊர் திகனயில் அதிகம்.

நீங்கள் சிங்களத்தில் கேட்டீர்கள். எனக்குச் சிங்களம் நன்றாகவே வரும். இருபது வருடமாகக் கடையில் இருப்பவளுக்கு வராமல் போகுமா? ஆனாலும் இதை என் மொழியிலேயே எழுதித் தருகிறேன் என்றேன். அவசரத்தில் சொன்னால் ஒரு சொல் கூடிப்போகும், இன்னொன்று குறைந்துபோகும். அளவு தவறுவது எனக்குப் பிடிக்காது.

என் பெயர் மஸாஹிரா. வாப்பா விட்டுப்போன மெஷின் கடையை நானும் தம்பி ஹுதைபாவும் நடத்தினோம். திருத்துவது அவன் வேலை. ஒயில் விற்பதும், பெற்றோல் கலந்து கொடுப்பதும், ஆட்களோடு பேசுவதும் என் வேலை. இந்தச் சின்ன எஞ்சின்களுக்கு ஒயில் ஊற்றத் தனி இடம் கிடையாது. பெற்றோலோடு கலந்த ஒயில்தான் உள்ளே போய்ப் பிஸ்டனை வழுக்க வைத்து, தானும் எரிந்து புகையாகிப் போகிறது. ஒரு லீட்டருக்கு இருபது மில்லி, அதுவும் நல்ல டூ-ஸ்ட்ரோக் ஒயில். கூடினால் பிளக்கில் கரி பிடிக்கும். குறைந்தால் எஞ்சின் கொதிக்கும். ஒயிலே இல்லாவிட்டால் கொஞ்ச நேரத்திலேயே பிஸ்டன் சிலிண்டரோடு இறுகி நின்றுவிடும். இதை எத்தனை தரம் சொன்னாலும் கேட்க மாட்டார்கள். ஒருவர் தேங்காய் எண்ணெய் ஊற்றிக்கொண்டு வந்தார். இன்னொருவர் லொறியில் வடித்த கறுப்பு ஒயிலை ஊற்றிவிட்டு, "எல்லாம் எண்ணெய்தானே தங்கச்சி" என்று என்னிடமே நியாயம் பேசினார்.

அதனால்தான் நானே கலந்து போத்தலில் கொடுக்கத் தொடங்கினேன். எங்கள் ஒயில் நீலம். கலந்தால் பெற்றோல் இளநீலமாகிவிடும். புல் வெட்டப் போகிறவர்கள் காலையில் கடைக்கு முன்னால் நின்று, போத்தலை வெயிலுக்குத் தூக்கிப் பார்ப்பார்கள். நீலம் தெரிந்தால் ஒயில் இருக்கிறது, போகலாம். இந்தப் பழக்கத்தை ஊருக்குப் பழக்கியவளே நான்தான். ஹுதைபா மட்டும் நிறத்தை நம்ப மாட்டான். விரலில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்து, பிசுக்கு இருக்கிறதா என்று பார்ப்பான். ஆனால் என் கையால் கலந்த போத்தலை அவன் ஒருநாளும் தொட்டுப் பார்த்ததில்லை. நான் கலந்ததைச் சோதிப்பது அவனுக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது.

உம்மா மௌத்தாகி எங்களை விட்டுப் போனபோது அவனுக்கு விவரம் தெரியாத வயது. என்னைப் பெண் கேட்டு வந்தவர்கள் இருந்தார்கள். நான்தான் வேண்டாம் என்றேன், யாரும் என்னைத் தடுக்கவில்லை. அதைத் தியாகம் என்று நான் சொன்னதே இல்லை. அவன் என்னைத் தாத்தா என்று கூப்பிடுவதைக் கேட்டுக்கொண்டிருப்பது எனக்குப் போதுமாக இருந்தது. எங்கள் ஆட்கள் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

ஜஹானாவை அவனுக்குப் பார்த்ததும் நான்தான். அலவத்துகொட ஊர்ப் பிள்ளை. அமைதியானவள், வாய்க் கொழுப்பு இல்லாதவள். கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டில் போய் இருப்பதுதான் எங்களில் வழக்கம். அது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் என் விஷயத்தில் அது கொஞ்சம் வளைந்து கொடுக்கும் என்று நினைத்துவிட்டேன். அவன் அங்கே தூங்குவான், காலையில் கடைக்கு வந்துவிடுவான், பகல் சாப்பாடு என்னோடு. என் மனக்கணக்கு இவ்வளவுதான். மச்சான்மார், ஜஹானாவின் சகோதரர்கள், அவனுக்கு வேறு திட்டம் வைத்திருந்தார்கள். தோட்டம் துப்புரவு செய்வது, புல் வெட்டுவது, மரம் இறக்குவது என்று சொந்தமாகத் தொழில். முதலில் அவனை அறிந்த ஆட்கள் இருக்கும் திகன, தெல்தெனியப் பக்கம். பெருநாளுக்குப் பிறகு எல்லாவற்றையும் அலவத்துகொடவுக்கே கொண்டுபோய்விடுவது.

அவன் இதை எனக்குச் சொன்ன அன்று நான் நெய்ச்சோறு ஆக்கியிருந்தேன். சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்.

"கிழமைக்கு ஒருக்கா வருவன் தாத்தா. நீங்க தனிய ஈக்கிறதா நினைக்காதீங்க."

"நல்ல விஷயம் தானே" என்றேன். இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன்.

கோபம் வந்ததா என்று கேட்டீர்கள். இல்லை. பயம் வந்தது. அன்று பின்னேரம் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குள் வந்தபோது, அலுமாரிக் கதவு காற்றில் ஆடிய சத்தம் கேட்டது. இனி இந்த வீட்டில் கேட்கப் போவது அது ஒன்றுதான் என்று தோன்றியது. நான் உட்கார்ந்து நன்றாக அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிவிட்டு யோசித்தேன்.

அவன் புதுத் தொழிலுக்கு எடுத்த முதல் பெரிய வேலை, விக்டோரியா நீர்த்தேக்கத்தைப் பார்த்த மாதிரி இருக்கும் ஒரு பங்களாவின் சரிவு. மானாப்புல் ஆள் உயரத்துக்கு வளர்ந்து கிடந்தது. போகிற வழியில் கடைக்கு வந்து பெற்றோல் எடுத்துக்கொண்டான். அந்தப் போத்தலில் ஒயில் இல்லை. வெறும் பெற்றோல். மெழுகுதிரி செய்கிறவர்கள் மெழுகுக்கு நிறமேற்றும் நீலத் தூள் கண்டிக் கடைகளில் கிடைக்கும். ஒரு சிட்டிகை போதும், எங்கள் ஒயிலின் நீலத்துக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாது. புல் மெஷின்தானே என்று நினைத்தேன். நின்றால் நின்றுவிட்டுப் போகட்டும். பங்களாக்காரர் ஏசுவார், இவனுக்குத் தொழில் வெறுத்துப்போகும், திரும்பி வந்துவிடுவான்.

மெஷின் நின்றது. அவன் திரும்பியும் வந்தான். கடை மேசையில் எஞ்சினைக் கழற்றிப் போட்டு, கோடு கோடாகக் கீறிப்போயிருந்த பிஸ்டனைக் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"என்ட பிழதான் தாத்தா. காபரேட்டரைக் கூடுதலாத் திருகிட்டன் போல, பெற்றோல் பத்தாமச் சூடேறியீக்கு."

"பார்த்துச் செய்யணும் தம்பி."

"இனி எல்லா மெஷினுக்கும் நீங்களே கலந்து தாங்க. மச்சான்மார்ட கையில உட மாட்டன்."

புதுப் பிஸ்டன் போட்டு, சிலிண்டரைத் தேய்த்து எடுத்து, அந்தக் கிழமையே மறுபடி போய்விட்டான். பங்களாக்காரரும் ஏசவில்லை, நல்ல மனிதராம். எனக்கு அப்போதுதான் ஒன்று விளங்கியது. மெஷினை நிறுத்திப் பயனில்லை. மெஷினைத் திருத்த அவனுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் நான் ஒழுங்காகவே கலந்து கொடுத்தேன். இதையும் குறித்துக்கொள்ளுங்கள். நான் அவசரக்காரி அல்ல. அவன் மனம் மாற எல்லா வாய்ப்பும் கொடுத்தேன். பிடித்த கறிகளை ஆக்கி வைத்தேன். நெஞ்சு அடைப்பது மாதிரி இருக்கிறது என்றும் ஒருதரம் சொன்னேன். அவன் டொக்டரிடம் கூட்டிப்போய்க் காட்டிவிட்டு, பின்னேரமே அலவத்துகொடவுக்குப் போய்விட்டான். பெருநாள் கிட்டிக்கொண்டு வந்தது.

ஒருநாள் காலை ஃபோன் எடுத்தான்.

"இண்டைக்குப் புல்லு இல்ல தாத்தா. பெரிய மாமரம் ஒண்டு வீட்டுக் கூரைக்கு மேல சாஞ்சீக்கு. வாப்பாட வாளைக் கொண்டு போறன். வாளுக்கு மட்டும் கலந்து வைங்க."

மரம் வெட்டும் செயின் வாளும் டூ-ஸ்ட்ரோக்தான். அதே பெற்றோல், அதே அளவு. வாப்பா எங்கள் இருவரையும் பக்கத்தில் இருத்தி அந்த வாளைப் பற்றிச் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பாரமான கொப்பைப் பாதி வெட்டிய நிலையில் வாளை நிறுத்தாதே. நின்றால் அதை இழுத்தெடுக்கப் பார்க்காதே, விட்டுவிட்டு இறங்கிவிடு. ஹுதைபா இறங்க மாட்டான் என்பதும் எனக்குத் தெரியும். அது வாப்பாவின் வாள். அவன் அதை விட்டுவிட்டு வருகிறவன் அல்ல.

நான் பெற்றோலை அளந்து ஊற்றினேன். நீலத் தூளைப் போட்டுக் குலுக்கினேன். போத்தலின் வெளிப்பக்கத்தைச் சீலையால் துடைத்தேன். அவன் மோட்டார்சைக்கிளை நிறுத்தாமலேயே கை நீட்டி வாங்கிக்கொண்டான். வெயிலுக்குத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. "கவனமாப் போ தம்பி" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

வாள் கொப்பின் நடுவில் இறுகி நின்றது. அவன் அதை இழுத்தான். பாதி வெட்டிய கொப்பு தன் பாரத்திலேயே கிழிந்து, வாளையும் அவனையும் சேர்த்துக்கொண்டு கீழே வந்தது. உயிர் போகவில்லை. போகாது என்று எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. இடுப்புக்குக் கீழே மட்டும்தான்.

ஜஹானாவின் வீட்டுக்குப் போக ரோட்டிலிருந்து செங்குத்தாகப் படி ஏற வேண்டும். சக்கரக் கதிரை அங்கே போகாது. எங்கள் வீடும் கடையும் ரோட்டோடு சமமாக இருக்கின்றன. ஆஸ்பத்திரியில் எல்லோரும் கூடி யோசித்து அவர்களாகவேதான் முடிவெடுத்தார்கள், நான் வாயே திறக்கவில்லை. ஜஹானாவும் கூட வந்து இருந்தாள். பாவம், அவளுக்கு அவனைப் பார்க்கத் தெரியவில்லை. அவள் ஆக்கும் கறி அவனுக்கு ஒத்துவராது என்றும், அவனைத் திருப்பிப் படுக்க வைக்கும்போது நோகடிக்கிறாள் என்றும் எடுத்துச் சொன்னேன். மெல்ல மெல்ல அவள் தாய் வீட்டில் அதிகமாக நிற்கத் தொடங்கினாள்.

அந்த ஒரு வருடத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் சொல்ல வேண்டும். காலையில் அவனைக் குளிப்பாட்டி, தாடி வழித்து, கடைக்குத் தள்ளிக்கொண்டு வருவேன். அவன் மேசையில் காபரேட்டர் கழுவுவான், நான் பக்கத்தில் பெற்றோல் கலப்பேன். பகலைக்கு மீன் என்றால் முள் எடுத்துக் கொடுப்பேன். கை இரண்டும் அவனுக்கு நன்றாகத்தான் இருக்கின்றன. இருந்தாலும் எடுத்துக் கொடுப்பேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. அவனும் சந்தோஷமாகத்தான் இருந்தான். சிரிப்பதில்லை, அவ்வளவுதான்.

பிறகு ஜஹானாவின் சகோதரர்கள் படியை உடைத்து, வீடு வரைக்கும் சாய்வாக ஒரு பாதை போட்டார்கள். அவனைக் கூட்டிப்போக வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். அவன் உடனே சரி என்றான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போகுமுன் வாப்பாவின் வாளைத் திருத்தி எடுத்துப்போக வேண்டும் என்று, சாக்கில் கட்டி வைத்திருந்ததை இறக்கித் தரச் சொன்னான். நான்தான் இறக்கிக் கொடுத்தேன். எல்லாவற்றிலும் கவனமாக இருந்தவள், அதன் பெற்றோல் தாங்கியை மட்டும் கழுவாமல் வைத்திருந்தேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

ஒயில் கலந்த பெற்றோல் வற்றினால் அடியில் பிசுக்கு மிஞ்சும். அந்தத் தாங்கியின் அடியில் காய்ந்த நீலத் தூள்தான் இருந்தது. அவன் விரலை விட்டு எடுத்துத் தேய்த்துப் பார்த்தான்.

"தாத்தா, இதில பிசுக்கே இல்லயே."

"வத்திப்போயிருக்கும்."

"ஒயில் வத்தாது தாத்தா."

நான் போத்தல்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவன் தலை நிமிரவே இல்லை. நீலம் படிந்த விரலைப் பார்த்தபடியே கேட்டான்.

"அந்தப் புல்லு மெஷினும்?"

"சாப்பிட்டுட்டுப் பேசுவோம் தம்பி" என்றேன். அன்றைக்கு அவனுக்குப் பிடித்த கீரி மீன் பொரித்திருந்தேன்.

அவன் சாப்பிடவில்லை. ஜஹானாவுக்கு ஃபோன் எடுத்தான், பிறகு பொலிசில் உங்களுக்கு எடுத்தான். மச்சான்மார் வந்து அலவத்துகொடவுக்கு வேனில் ஏற்றும்போது அவன் என் பக்கம் திரும்பவில்லை. சின்ன வயதிலும் அப்படித்தான். கோபம் வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு படுப்பான், பசித்தால் எழும்பி வருவான்.

நடந்தது இவ்வளவுதான். போத்தல் இரண்டையும் கலந்தவள் நான்தான். இரண்டாவதைக் கலக்கும்போது அவன் மரத்தில் ஏறப் போகிறான் என்று தெரிந்தே கலந்தேன். கீழே கையொப்பம் வைத்திருக்கிறேன். இருட்டுவதற்குள் என்னை வீட்டுக்கு விட்டுவிடுங்கள். அவனைத் திருப்பிப் படுக்க வைக்க ஆள் வேண்டும். நான் போகும்வரைக்கும் தம்பி தனியாக இருப்பான்.