எழுதிக் கொடுக்காத குறிப்பு

தங்கை: ஐயோ, சிரிக்காத அக்கா! எனக்குப் பத்திக்கிட்டு வருது.

அக்கா: சிரிக்காம என்னடி பண்றது? உன் பரீட்சைக்குக் கட்சிக்காரியா நடிக்க வந்து உட்கார்ந்தா, அந்த மூணாவது பையன்... உள்ள வந்ததும் வராததுமா, "கவலைப்படாதீங்கம்மா, கேஸ் நம்ம பக்கம்தான்"னான். நான் அப்ப வாயே திறக்கல!

தங்கை: உன் பேராவது கேட்டானா?

அக்கா: கேட்டான். கதவு வரைக்கும் போயிட்டுத் திரும்பி, "ஆமா, உங்க பேரு?"ன்னான்.

தங்கை: அடப்பாவி!

அக்கா: அடுத்து ஒருத்தி. நான் வேலை போன கதையைச் சொல்லிக் கண்ணைத் துடைக்கறேன்... அவ மேசைக்கடியில போனைத் தட்டிக்கிட்டிருக்கா. பொய்யா அழுததுக்கே எனக்கு மானம் போச்சு, நிஜமா அழறவங்க என்ன பண்ணுவாங்களோ.

தங்கை: இதுங்கதான் இன்னும் ரெண்டு மாசத்துல கறுப்புக் கோட்டை மாட்டிக்கிட்டுக் கோர்ட்டுக்குப் போகப்போகுதுங்க. வருஷம் பூரா தொண்டை வத்தக் கத்தறேன். வந்தவங்களை உட்காரச் சொல்லுங்க. பேரைக் கேளுங்க. ஜெயிக்கலாம்னு வாக்குக் கொடுக்காதீங்க. காதுல விழுந்ததை வெளியில உளறாதீங்க. சட்டம் புத்தகத்துல இருக்கு, இதெல்லாம் உங்ககிட்டதான் இருக்கணும்னு... எவன் கேக்கறான்?

அக்கா: நீ கத்தறதைக் கொறைச்சா காதுல விழுமோ என்னமோ.

தங்கை: வந்துட்டியா? கடைசியில பழி என் மேலதான். இரு, மார்க்கைப் போட்டு முடிச்சுடறேன். பன்னிரண்டு பேரும் உன்னைப் பார்த்துப் பேசிட்டாங்க. பதினோரு பேர் குறிப்புன்னு என்னத்தையோ கிறுக்கிக் கொடுத்திருக்காங்க. ஒருத்தி மட்டும்... இதைப் பாரு.

அக்கா: என்ன அது?

தங்கை: வெள்ளைத்தாள். மேல அவ நம்பர். கீழ ஒரே ஒரு வரி. "வந்தவர் சம்மதிக்காததால் அவர் சொன்ன எதையும் எழுத இயலாது." பூனையோட கைவரிசை!

அக்கா: பூனையா?

தங்கை: எங்க துறையில அவளுக்கு அதான் பேரு. வர்றதும் தெரியாது, போறதும் தெரியாது. அஞ்சு வருஷத்துல அவ வாயிலேர்ந்து அஞ்சு வாக்கியம் கேட்டிருப்பேன். கடைசியா வந்தாளே, ஒல்லியா, சுருட்டை முடி...

அக்கா: ...ம்.

தங்கை: என்ன ம்? ஆளுக்குப் பதினஞ்சு நிமிஷம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். இவ முக்கால் மணி நேரம் உள்ளயே உட்கார்ந்திருக்கா. ரெண்டு தடவை கதவைத் தட்டினேன். நீயாவது எழுப்பி அனுப்பக் கூடாதா?

அக்கா: பேசிக்கிட்டிருந்தோம்... நேரம் போனது தெரியல.

தங்கை: அப்படி என்ன பேச்சு? நான் எழுதிக் கொடுத்த கதையே ரெண்டு பக்கம்தான். துணிக்கடையில பதினாலு வருஷம் வேலை பார்த்தவளைத் திடீர்னு நிறுத்திட்டாங்க. அவளா விலகறதா எழுதின கடிதத்தை மேனேஜர் நீட்ட, பயத்துல கையெழுத்துப் போட்டுட்டா. அதை வெட்கப்பட்டு மறைக்கறா. அந்த விஷயத்தை உன் வாயிலேர்ந்து நயமா வரவழைக்கறதுதான் பரீட்சை. வரவழைச்சாளா, இல்லையா?

அக்கா: அது... ஏதோ கேட்டா.

தங்கை: கையெழுத்தைப் பத்திச் சொன்னியா?

அக்கா: ஞாபகமில்லடி. ஒரே கதையைக் காலையிலேர்ந்து அழுது அழுது சொன்னா மண்டை குழம்பாதா?

தங்கை: சரியாப் போச்சு! நாடகக் குழுவிலேர்ந்து ஆள் கூப்பிடலாம்னு துறைத்தலைவர் தலைபாடா அடிச்சுக்கிட்டார். "வேண்டாம் சார், எங்க அக்கா பள்ளிக்கூட நாடகத்துலேயே எல்லாரையும் அழ வெச்சவ"ன்னு பீத்திக்கிட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்.

அக்கா: அந்தப் பொண்ணுக்கு மார்க்கைப் போட்டு விட்டுடேன்.

தங்கை: எதுக்கு? வெள்ளைத்தாளை மடிக்காமக் கொடுத்ததுக்கா? ...உன் போன் அடிக்குது. அத்தான்தான். எடு.

அக்கா: அப்புறம் பேசிக்கறேன்.

தங்கை: பாவம்க்கா, எவ்வளவு நேரமா வாசல்ல கார்லயே உட்கார்ந்திருக்கார். எனக்கு வாய்ச்சவரும் இருக்காரே... நான் தொலைஞ்சு போனா ரெண்டு நாள் கழிச்சுத்தான் தேடுவார். அத்தான் மாதிரி ஆள் கிடைக்கணுமே. அப்பா போனப்புறம், "உன் தங்கச்சி என் பொறுப்பு"ன்னு என்னைக் கூட்டிட்டு வந்து இந்தக் காலேஜ்ல சேர்த்தாரே... அந்தப் படிப்பு இல்லேன்னா நான் ஏது, இந்த நாற்காலி ஏது?

அக்கா: அதை விடுடி. பேப்பரையெல்லாம் எடுத்து வை.

தங்கை: என்ன, மூஞ்சி தொங்கிப்போச்சு? அலுப்பா? அவ இங்கதான் வராந்தாவுல நிக்கறா. கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்டுட்டுக் கிளம்பலாம்.

அக்கா: வேண்டாம்டி. விட்டுடு.

தங்கை: விடறதாவது! ஏம்மா பூனை... அட, வந்துட்டியா? பாரு அக்கா, காலடிச் சத்தமே கிடையாது.

மாணவி: கூப்பிட்டீங்களா மேடம்?

தங்கை: இது என்ன?

மாணவி: என்னோட குறிப்பு மேடம்.

தங்கை: இதுக்குப் பேரு குறிப்பா? முக்கால் மணி நேரம் பேசிட்டு ஒரு வரியா?

மாணவி: அவங்க எழுத வேண்டாம்னு சொன்னாங்க மேடம்.

தங்கை: யாரு?

மாணவி: ...அம்மாதான். இவங்க.

தங்கை: இவங்க யாருன்னு தெரியுமா உனக்கு? எங்க அக்கா! கூடப் பொறந்த அக்கா! இவங்க சொன்ன கதை நான் எழுதினது. நான் எழுதின கதையை என்கிட்டேர்ந்தே ஒளிச்சு வெக்கறியா நீ?

மாணவி: ...ஆமா மேடம்.

தங்கை: ஆமாவாம்! கேட்டியா அக்கா, ஆமாவாம்!

அக்கா: அவளைத் திட்டாதடி.

தங்கை: நீ சும்மா இரு. இங்க பாரும்மா, ரகசியம் காக்கணும்னு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். ஒத்துக்கறேன். ஆனா ஜூனியர் கேட்டதை அதே ஆபீஸ் சீனியர்கிட்ட சொல்லலாம். அதுவும் பாடத்துல இருக்கு. படிச்சியா, இல்ல அந்தப் பக்கத்தைப் புரட்டாம விட்டுட்டியா?

மாணவி: படிச்சேன் மேடம். அவங்க பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அதைச் சொன்னேன். நான் எழுதறதை எங்க மேடம் படிப்பாங்க, பரவாயில்லையான்னு கேட்டேன்.

தங்கை: அதுக்கு?

மாணவி: அதுக்கு மட்டும் சம்மதிக்கல. அப்ப எழுத மாட்டேன்னு சொன்னேன்.

தங்கை: அக்கா! நீயா அப்படிச் சொன்னே? நான் எழுதினதுல அப்படி ஒரு வரி இருக்கா?

அக்கா: ...தண்ணி இருக்கா இங்க?

தங்கை: பேச்சை மாத்தாத. இஷ்டத்துக்குச் சொந்தமா வசனம் சேர்த்து இந்தப் பொண்ணைக் குழப்பி விட்டிருக்கே. சரி, போனது போகட்டும். வாயாலயாவது சொல்லு. என்ன கேட்டே, என்ன பதில் வந்தது? சொன்னா பாதி மார்க்காவது தேறும்.

மாணவி: சொல்ல முடியாது மேடம்.

தங்கை: பூஜ்யம் போடுவேன்.

மாணவி: சரி மேடம்.

தங்கை: சரியா? இதுல தேறலேன்னா இந்த வருஷம் வக்கீலாப் பதிவு பண்ண முடியாது. அடுத்த வருஷம் வந்து இதே நாற்காலியில உட்காரணும். உனக்கு எங்கயோ ஒரு ஆபீஸ்ல இடம் கிடைச்சிருக்குன்னு சொன்னாங்களே...

மாணவி: ஆமா மேடம். பதிவு ஆனதும் வரச் சொல்லியிருக்காங்க.

தங்கை: ஒரு வருஷம் காத்துக்கிட்டிருப்பாங்களா உனக்காக?

மாணவி: மாட்டாங்க.

தங்கை: வீட்டுல என்ன சொல்லுவே?

மாணவி: தெரியல மேடம்... அப்பா ஏற்கெனவே எல்லார்கிட்டேயும் சொல்லிட்டார்.

தங்கை: கண்ணு கலங்குதில்ல? அப்பச் சொல்லித் தொலையேன்! ஒரு விளையாட்டுக் கேஸுக்கு எதுக்கு இந்தப் பிடிவாதம்?

மாணவி: விளையாட்டா இருந்தாலும்... ஒருத்தர்கிட்ட சொல்ல மாட்டேன்னு சொல்லிட்டா சொல்லக் கூடாதுல்ல மேடம்?

தங்கை: என் பாடத்தை எனக்கே நடத்தறா! தலையில அடிச்சுக்கறதா, கையெடுத்துக் கும்பிடறதான்னு தெரியல. போ. போம்மா. பூஜ்யம்தான். நானும் விதிப்படி நடக்கறவதான்.

மாணவி: சரி மேடம். ...வரேங்கம்மா.

அக்கா: போயிடாத கண்ணு. வராந்தாவுலயே இரு. ஒரு அஞ்சு நிமிஷம்.

மாணவி: இருக்கேம்மா. கதவைச் சாத்திடவா?

அக்கா: சாத்திடு.

தங்கை: அவளுக்கு எதுக்கு நீ உத்தரவு போடறே? விடு, பேனாவை விடு அக்கா! என்ன இது, சின்னப் புள்ளை மாதிரி புடுங்கறே?

அக்கா: பூஜ்யம் போடாத.

தங்கை: ஒரு காரணம் சொல்லு.

அக்கா: பன்னிரண்டு பேர்ல அவ ஒருத்திதான் வக்கீல்.

தங்கை: பெரிய நீதிபதி தீர்ப்பு சொல்லிட்டா! எதை வெச்சுச் சொல்றே?

அக்கா: மத்த எல்லாரும் கடையைப் பத்திக் கேட்டாங்க, மேனேஜரைப் பத்திக் கேட்டாங்க. இவ வந்தா, உட்கார்ந்தா, கொஞ்ச நேரம் என்னையே பார்த்தா. "ஏம்மா, நாற்காலியில முதுகு படாமலே உட்கார்ந்திருக்கீங்க... வலிக்குதா?"ன்னா.

தங்கை: முதுகா? அது கதையிலேயே இல்லையே.

அக்கா: இல்ல. நீ எழுதிக் கொடுத்ததுல அதுக்குப் பதில் இல்ல. அதான் தடுமாறிட்டேன். நான் வாயைத் திறந்த உடனே அவளுக்குப் புரிஞ்சு போச்சு. பேனாவை மூடி வெச்சுட்டா.

தங்கை: என்ன புரிஞ்சது? அக்கா... என்ன சொன்னே அவகிட்ட?

அக்கா: உன்கிட்ட மட்டும் சொல்லிடாதேன்னு சத்தியம் வாங்கிக்கிட்டு எல்லாத்தையும் சொன்னேன். உன் அத்தான் என்னை அடிக்கறார்டி... நீ சட்டம் படிக்கச் சேர்ந்த வருஷத்துலேர்ந்து.