டிஸ்க்குக்கு வச்ச பொட்டு

பேரையூரிலிருந்து மதுரைக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் விசேஷங்களுக்கு வீடியோ எடுக்கும் இருவர். மடியில் லேப்டாப், அதில் வயரில் மாட்டிய ஹார்ட் டிஸ்க்.

"திருமங்கலம் தாண்டிருச்சு. மிலிட்டரிக்காரரு ரயிலேற மதுரை ஸ்டேஷனுக்கு வந்துட்டாராம். அவரு மக காதுகுத்து வீடியோ டிஸ்க்குல பாதிகூட ஏறல. யூஎஸ்பி மூணு புள்ளி ரெண்டு டிஸ்க்கு, வேகமா ஏறும்னியே மாப்ள!"

"பழைய மூணு புள்ளி சைபரும் இதுவும் ஒரே வேகம்தாண்ணே. பேரைத்தான் மாத்தி மாத்தி வைக்கிறாய்ங்க."

"அந்த வேகமாச்சும் வரணும்ல?"

மாப்ள வயரை உருவி, டிஸ்க்கின் ஓட்டைக்குள் செல்போன் வெளிச்சத்தை அடித்தார். உள்ளே குங்குமமும் காய்ந்த சந்தனமும் அப்பியிருந்தன.

"புது டிஸ்க்குக்குப் பூசை போட்டது யாருண்ணே?"

அண்ணன் எதிர் சீட்டுப் பெண்ணின் வளையலில் தொங்கிய ஊக்குகளைப் பார்த்தார்.

"அக்கா, அந்த ஊக்கைக் கொஞ்சம் குடுங்க."