வலி இல்லாத மருமகன்

— சட்டை ஜோராத்தான் இருக்குடா தம்பி. அதுக்குள்ள இருக்கிற என் பிள்ளைதான் முந்தாநாள்லேருந்து பாலைக்கூட விழுங்க மாட்டேங்குறான்.

— அக்கா, அதாவது, ஒரே ஒரு மணி நேரம். அமைச்சர் வந்து புது சுகாதாரக் கொள்கையை வெளியிடுவாரு. மேடையில நம்ம பட்டு நாற்காலி போட்டு உட்காருவான். கூப்பிட்டதும் மைக்ல ரெண்டு வார்த்தை. அவ்வளவுதான்.

— அந்தக் கொள்கையை எழுதின மகராசன் நீதானே?

— குழுவுல நானும் ஒருத்தன். அதாவது, பட்டு மாதிரி அறிவு வளர்ச்சி குறைஞ்சவங்களுக்குன்னு தனி அத்தியாயமே வெச்சிருக்கோம். ‘எந்த ஆஸ்பத்திரியும் இவங்களைத் திருப்பி அனுப்பக் கூடாது.’ நான் போட்ட வரி.

— அடேங்கப்பா! அதைக் கொஞ்சம் பல் டாக்டர்கிட்ட போய்ப் படிச்சுக் காட்டேன். ‘இந்த மாதிரி ஆளை எங்களால பார்க்க முடியாது, சிறப்பு மையத்துக்குப் போங்கம்மா’ன்னாரு. அங்க போனா, ‘மூளைதான் எங்க வேலை, பல்லு இல்ல’ன்னாங்க. ஏன்டா, என் பிள்ளைக்கு மூளை ஒரு ஊர்லயும் பல்லு ஒரு ஊர்லயுமா இருக்கு?

— அதான் போன வாரம் நானே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேனே!

— போனே. என்னை வெளிய பெஞ்சுல உட்கார வெச்சுட்டு.

— நீ உள்ள வந்தா அழுவே. டாக்டர் நேரா அவன்கிட்டயே கேட்டாரு, ‘வலிக்குதா?’ன்னு. ‘வலி இல்ல’ன்னு இவனே சொன்னான். அதாவது, கொள்கைப்படி நோயாளி சொல்றதுதான் முடிவு. அதுக்குப் பேரு மரியாதை.

— மரியாதையாம்! கன்னம் பன்னு மாதிரி வீங்கிக் கிடக்கு. படுக்க முடியாம ஜன்னல் கம்பில கன்னத்தைச் சாய்ச்சுக்கிட்டு நிக்கிறான். உன் மரியாதையைச் சூடு பண்ணி ஒத்தடம் குடுக்கவா?

— வீக்கம் இடது பக்கம்தானே? கேமராவை வலது பக்கம் வைக்கச் சொல்லிட்டேன்.

— சீ! எங்கம்மா வயித்துலதான் நீயும் பொறந்தியா?

— கோவப்படாதக்கா. இன்னைக்கு இவன் நல்லாப் பேசிட்டா, நாளைக்கு அமைச்சர் ஆபீஸ்லேருந்தே போன் போவும். மயக்க மருந்து குடுத்துப் பல்லை எடுத்துடுவாங்க.

— ஓஹோ. மொதல்ல கைதட்டு, அப்புறம் பல்லு. அந்தப் போனை இன்னைக்கே போட்டா உன் விரல் தேஞ்சிடுமா?

— எல்லாத்துக்கும் முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?

— சரி, தொலையுது. அந்தப் பல்லுக்காக அனுப்பறேன், உன் அமைச்சருக்காக இல்ல. எனக்கு ஒண்ணுதான் புரியலடா. எறும்பு கடிச்சாலே ஊரைக் கூட்டறவன் இவன். ஆஸ்பத்திரி போய்ட்டு வந்ததுலேருந்து நான் எத்தனை தடவை கேட்டாலும் ‘வலி இல்ல, வலி இல்ல’ங்குறான். முப்பது வயசுல புதுசா ஒரு பொய்யை எங்க கத்துக்கிட்டான்?

— வளர்றான்க்கா, சந்தோஷப்படு. பட்டுக்குட்டி, இங்க வா, பட்டனைப் போட்டு விடறேன். மேடையில என்ன சொல்லணும்? மாமாவுக்குச் சொல்லிக் காட்டு.

— எல்லாரும் என்னை நல்லாப் பார்த்துக்கறாங்க. எனக்கு வலி இல்ல.

— பிரமாதம்! பார்த்தியாக்கா, என்ன தெளிவு!

— கண்ணா, ஏன்டா ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால ஒளிச்சுக்கற?

— சரியாச் சொல்லிட்டேன்ல மாமா? அன்னைக்கு மாதிரி நாற்காலில கையைக் கட்ட மாட்டீங்கல்ல? வலி இல்லன்னு சொன்னா அவுத்து விடறேன்னு நீங்கதானே சொன்னீங்க?