சரிபார்ப்பை எடுத்தது நிலவழகன் அல்ல

என் பெயர் ஷமீமா, வயது 34, கணவர் அன்வர் பாட்சா. அறந்தாங்கியில் குடியிருந்துகொண்டு, புதுக்கோட்டை பேருந்து நிலையத்துக்குப் பின்புறமுள்ள மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். முதலாளி வசந்தகுமார். கைதாகியிருக்கும் நிலவழகன் என் பக்கத்து இருக்கைக்காரர். யாரும் கூப்பிடாமல் நானாகவே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

நாங்கள் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கிறோம். அது ஓட, வெளியாட்கள் எழுதிய ஏராளமான பேக்கேஜ்களை, அதாவது தயார்நிலை நிரல் தொகுப்புகளை, இணையத்திலிருந்து இறக்கி நிறுவ வேண்டும். அதைச் செய்யும் கருவி மிகவும் மெதுவாக ஓடியதால், அதை ஓடவிட்டு நாங்கள் டீக்கடைக்குப் போய் வருவோம். நிலவழகன் அதைச் சீர்செய்தார். ஒருமுறை இறக்கியதை ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே வைத்துக்கொள்ளவும், ஒன்றன்பின் ஒன்றாக இல்லாமல் பலவற்றைச் சேர்த்து இறக்கவும் வழி செய்தார். அதன் பிறகு டீக்கு எழுந்திருக்க நேரமில்லாமல் போனது. வந்த பேக்கேஜில் யாராவது கைவைத்திருக்கிறார்களா என்று பார்க்கும் சரிபார்ப்பை மட்டும் அவர் தொடவில்லை.

அதன் பிறகு, அறந்தாங்கி தனியார் மருத்துவமனை ஒன்றின் ஆட்கள் பார்க்க வருவதற்கு முந்தைய நாள், வசந்தகுமார் வந்து, "இன்னும் வேகமா ஓடணும், அந்தச் செக்கிங்கையும் தூக்கிருங்க" என்றார். நிலவழகன், "அது பூட்டு சார். பூட்டக் கழட்டிப்புட்டு, கதவு சீக்கிரமாத் தொறக்குதுன்னு சொல்ல முடியாதுங்க" என்றார்.

எங்கள் ஆபீஸில் யாரும் தன் கம்ப்யூட்டரைப் பூட்டிவிட்டு எழுந்திருக்கக் கூடாது. முதலாளி எந்த இருக்கையிலும் வந்து உட்காருவார். அது அவரே போட்ட சட்டம். நிலவழகன் சாப்பிடப் போன பிறகு வசந்தகுமார் அவர் இருக்கையில் உட்கார்ந்து சரிபார்ப்பை எடுத்தார். டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்த நான், "என்ன சார் பண்றீங்க" என்று கேட்டதற்கு, "ஒங்க வேலையப் பாருங்கம்மா" என்றார். திரும்பி வந்த நிலவழகனிடம் சொன்னேன். அவர் போய்ச் சண்டை போட்டதற்கு, டெமோ முடிந்ததும் திரும்பப் போட்டுவிடுவதாக வசந்தகுமார் சொன்னார். போடவில்லை. டெமோ முடிந்த மறுநாள் அப்படியே கொண்டுபோய் மருத்துவமனையிலும் அவரே நிறுவினார்.

அதன் பிறகு யாரோ கைவைத்த பேக்கேஜ் ஒன்று அந்த வழியே உள்ளே வந்து, நோயாளிகளின் விவரங்களையெல்லாம் திறக்க முடியாமல் முடக்கிவிட்டது. டயாலிசிஸுக்கு வந்தவர்கள் வாசல் படியில் உட்கார்ந்திருந்ததை நான் பஸ்ஸிலிருந்து பார்த்தேன்.

மாற்றம் நிலவழகன் பெயரில் பதிவாகியிருந்ததால் அவரைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். வேகம் வந்தபோது "எங்க கம்பெனி கண்டுபிடிப்பு" என்று மார்தட்டிய வசந்தகுமார், போலீஸ் வந்ததும் அவரைக் கைகாட்டிவிட்டார். நேற்று எனக்குப் போன் போட்டு, "நீங்க எதையும் பாக்கலம்மா, புரியுதா" என்றார். நான் பார்த்தேன். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை, அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். நிலவழகனின் மனைவி மணிமேகலை காலையிலிருந்து இந்த நிலைய வாசலில் நிற்கிறார்.

மேற்கண்டவை நான் கண்ணால் கண்டு, என் வாயால் சொன்னவை. எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். அதில் வசந்தகுமார் சரிபார்ப்பைத் தவறுதலாக எடுத்துவிட்டார் என்று இருந்தது. தவறுதலாக என்று நான் சொல்லவில்லை. அதை அடிக்கச் சொல்லி, அடித்த பிறகே கையெழுத்திட்டேன்.

(ஒப்பம்) அ. ஷமீமா