வீட்டுக்காரரின் இடது காது

என் வீட்டுக்காரருக்கு லேசாகச் சளி பிடித்தாலே எனக்குத் தூக்கம் வராது. முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

அவர் பாடகர். எந்தப் பாட்டுக் கம்பெனியும் சேர்த்துக்கொள்ளாத, எந்தக் கம்பெனியிலும் சேராத பாடகர். பாட்டை அவரே எழுதி, கிடாரை அவரே வாசித்து, போஸ்டரையும் அவரே ஒட்டி, கடைசியில் நஷ்டத்தையும் அவரே சுமப்பார். நான் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். கச்சேரி என்றால் அவருக்கு நான்தான் சவுண்டு பார்ப்பேன். தனியாக ஆள் வைக்க வசதியில்லாமல் கற்றுக்கொண்டது. ஆனாலும் நன்றாகவே கற்றுக்கொண்டேன். என்னைக் குறை சொன்ன அரங்கம் கிடையாது.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு மேடையில் அவருடைய வலது காது போயிற்று. பாடுகிறவர்கள் தங்கள் குரல் தங்களுக்கே கேட்பதற்காக இரண்டு காதிலும் சின்ன இயர்போன் மாட்டியிருப்பார்கள். அன்று அதில் திடீரென்று பெரிய சத்தம் பாய்ந்துவிட்டது. ஜனங்கள் கைதட்டுவது கேட்க வேண்டுமென்று இடது பக்கத்து இயர்போனை அவர் கழற்றித் தொங்கவிட்டிருந்தார். பாடகர்கள் பலருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. அதனால் இடது காது பிழைத்தது. இயர்போன் பழசு, அதுதான் கோளாறு என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு வந்தவைதான் எங்கள் நல்ல வருடங்கள். ஒரு டயர் குடோனில் அவருக்கு வேலை கிடைத்தது. முதல் தேதி சம்பளம். இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடுவார், மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பார். அவருக்கு வலது பக்கமாக உட்கார்ந்து நான் எதையாவது பேசிக்கொண்டிருப்பேன். கேட்காது. இருந்தாலும் பேசுவேன். மனுஷன் பக்கத்தில் இருக்கிறாரே, அது போதும்.

ஆசை யாரை விட்டது. போன வருடம் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்.

"ஒரு காது போதும்மா. ஒரே ஒரு தடவை மேடை ஏறிப் பாத்துடறேன்."

"வாடகையும்தான் ஏறுது. அதை யாரு பாக்கறது?" என்றேன்.

அவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. நாங்கள் சண்டை போடுகிற ஜோடி இல்லை.

ஃபிரிட்ஜ் விலைக்குப் போயிற்று. பிறகு என் வளையல். பிறகு மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் விட்டு ஃபீஸ் பாக்கியைக் கேட்டார்கள். பணத்துக்காகச் செய்தேன் என்று தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். வளையல் இன்று போகும், நாளை வரும். பாதி அரங்கம் காலியாக இருந்தால் வீட்டுக்கு வந்து, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுவார். குழாய்ச் சத்தத்தில் எனக்குக் கேட்காது என்று அவருக்கு நினைப்பு. வெளியே துண்டோடு நின்றுகொண்டிருந்தவள் நான். அந்த வலி உங்களுக்குப் புரியாது.

கடைசிக் கச்சேரி அன்று அரங்கம் நிரம்பியிருந்தது. நடைபாதையில்கூட நின்றார்கள். அதுதான் எனக்குப் பயமாகப் போயிற்று. காலியாக இருந்தால் ஒருநாள் அவரே அலுத்துப்போய் விட்டுவிடுவார். நிரம்பினால் சாகிறவரைக்கும் விடமாட்டார்.

இயர்போனில் சத்தம் ஓர் அளவைத் தாண்டாமலிருக்க நான் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸர் பெட்டியில் ஒரு தடுப்பு உண்டு. மூன்றாவது பாட்டு முடிந்து அவர் தண்ணீர் குடிக்கும்போது அதை எடுத்துவிட்டேன். பாடிக்கொண்டிருக்கும்போது செய்திருந்தால் தடுமாறி விழுந்து மண்டையில் அடிபட்டிருக்கும். அதையெல்லாம் யோசிக்காமல் நான் எதையும் செய்வதில்லை. பிறகு அவர் இயர்போனுக்குப் போகிற சத்தத்தை மட்டும் முழுசாகத் திறந்தேன். அரங்கத்தில் ஒருவருக்கும் எதுவும் கேட்கவில்லை. அவர் பாட்டிலைப் பத்திரமாகக் கீழே வைத்தார், காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். என்னைத்தான் தேடினார். ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன்.

கேட்கிற காதில் மட்டும்தான் இந்தத் தடவை மாட்டியிருந்தார். போன தடவை அவர் ஒன்றைக் கழற்றியிருந்ததை நான் கவனிக்கவில்லை. அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். அன்றைக்கே சரியாகச் செய்திருந்தால் அவரை இரண்டாம் தடவை கஷ்டப்படுத்தியிருக்க வேண்டாம்.

இப்போது அவருக்கு ஒன்றும் கேட்பதில்லை. மகள் எழுதிக் காட்டுகிறாள். அவர் குரலின் அளவு அவருக்கே தெரியாததால் எல்லாவற்றையும் கத்திச் சொல்கிறார். "நீ மட்டும் இல்லேன்னா நான் என்ன ஆயிருப்பேன்?" என்று ஒருநாள் சொன்னது அடுத்த வீடு வரைக்கும் கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன வாரம் வேலையிலிருந்து வந்து பார்க்கிறேன், கிடாரின் விளிம்பில் தாடையை அழுத்திக்கொண்டு வாசித்துக்கொண்டிருக்கிறார். "தெரியுது, அதிர்வு எலும்புல தெரியுது" என்று மகளிடம் கத்துகிறார். சுருதி ஒரு இடத்தில்கூட விலகவில்லை. அடுத்த மாதம் ஒரு அரங்கமும் பேசி வைத்திருக்கிறார்.

அப்போது அவருடைய விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். காரின் கதவு, இரும்பு கேட், என்னென்னவோ மனசில் ஓடியது. எனக்கும் வயதாகிறது, உடம்பில் முன்போலத் தெம்பில்லை. யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை, நானாகத்தான் உங்கள் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன். அதிகாரிகள் சொன்னால் அவர் கேட்பார். எடுத்துச் சொல்லி, நீங்களாவது அவரை நிறுத்துங்கள். நான் ஒருத்தியே எத்தனை தடவைதான் அவரைக் காப்பாற்றுவது?