கசந்த கொடுவா

கத்தாதம்மா, எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது. சனிக்கெழம வாங்கிட்டுப் போன கொடுவா கசந்துபோச்சு, அவ்வளவுதான? அதுக்குக் கீழ்புத்துப்பட்டுல இருந்து பஸ் ஏறி, மரக்காணம் மார்க்கெட்டுல வந்து நடு சந்தையில மானத்த வாங்குறியா? மீன் வித்தவன் அதோ அந்தப் பக்கம் இருக்கான். நான் வெட்டிக் குடுக்குறவ. சரி, அத நான்தான் வெட்டுனேன், இல்லன்னு சொல்லல. இப்டி ஓரமா வா, மத்தவங்க நிக்கிறாங்க பாரு.

மீனு மேல பழி போடாத. செவுளு செவசெவன்னு இருந்துது, நீயே பாத்த. வீட்டுக்குப் போன ஒடனே இன்னா பண்ண, அதச் சொல்லு. ஆங், கவரோட அப்டியே ஃப்ரிட்ஜ்ல. ரத்தத் தண்ணியிலயே ஊறட்டும்னு வுட்டுட்ட. எலுமிச்சம்பழம் எப்ப புழிஞ்ச? முந்தின நாளேவா? வெளங்கிடும். அது மீனா, ஊறுகாயா? உப்பு இன்னா உப்பு? பாக்கெட்டு உப்பு. இங்க ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் உப்பக் குவிச்சுக் குவிச்சு வச்சிருக்கான், ரெண்டு கை கல்லுப்பப் போட்டு வழவழப்பு போகத் தேச்சுக் கழுவ உனக்கு வலிக்குது.

இதுல முழு மீனு வேணுமாம். துண்டு போட்டுத் தரேன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டியா? ஃபோன்ல எவளோ செஞ்சதப் பாத்துட்டு, தலையும் வாலும் தட்டுல தெரியணும்னு நின்ன. துண்டுன்னா உள்ள இருக்குறது கண்ணுக்குத் தெரியும். முழு மீனுன்னா விரல வுட்டுப் பாக்கணும். முள்ளு ஓரமா ரத்தம் கட்டியிருக்கும், சுரண்டி எடுக்கணும். சுரண்டுனியா? வயித்துக்குள்ள ஒரு எடம் பச்சயா திட்டா இருந்திருக்குமே, அதக்கூட பாக்கலயா? வெட்டுறவ சுத்தமா குடுத்திருப்பான்னு நெனச்சியாக்கும். மகராசி. மசாலாவ அடச்சு நேரா கல்லுல தூக்கிப் போட்டிருப்ப, மேல கருகி நடுவுல வேகாம இருந்திருக்கும். ஆமாம்னு தலையாட்டுற பாரு, வெக்கமே இல்லாம.

அழாத. மீனுக்கா அழற? சம்பந்தம் போச்சேன்னு அழற. அன்னைக்கு நான் செதிலு எடுத்து முடிக்கிற வரைக்கும் உன் வாய் ஓயலயே. மாப்ள வீட்டுக்கு ஊரு இரும்பையாம், மாப்ளயோட அம்மா பேரு வேலம்மாளாம், தங்கமான குடும்பமாம், பொண்ணப் புடிச்சுப்போச்சாம், ஞாயித்துக்கெழம கை நனைக்க வர்றாங்களாம். பொண்ணு வீட்டுல உக்காந்து சாப்புட்டு எழுந்துட்டாங்கன்னா கல்யாணம் முடிவாயிடுச்சுன்னு அர்த்தம், அது ஊருக்கே தெரியும்.

நடந்தத நானே சொல்றேன். மொதல்ல அந்த அம்மாவுக்குத்தான வச்ச? ஒரு வாய் வச்சா, துப்புனா, எலய மூடிட்டு எழுந்துட்டா. மொத மொத கை நனைக்கிற எடத்துல வாய் கசந்தா குடும்பம் உருப்படாது, இந்த சம்பந்தம் வேணாம்னு சொல்லிட்டா. அதான? அவ பல்லி கத்துனாக்கூட சோறு துன்ன மாட்டா, அப்டி சகுனம் பாக்குறவ.

எனக்கு எப்டித் தெரியும்னா கேக்குற? கேக்க வேண்டிய எடத்துல வாயத் தொறக்கல, என்னய வந்து கேக்குற. மூத்த மவன் துபாய்ல இருக்கான்னு சொன்னாங்கல்ல? அவன் பொண்டாட்டி எங்கன்னு கேட்டியா? அம்மா வீட்டுக்குப் போயிருக்குதுன்னாங்களா? போயி மூணு வருஷம் ஆவுது. கொழம்புல உப்பு தூக்கலா இருக்குதுன்னு, கொதிக்கக் கொதிக்க அத எடுத்து மருமவ கையில ஊத்துனவ உன் தங்கமான வேலம்மாள். முழங்கை வரைக்கும் வெந்துபோச்சு. கல்யாணத்துக்கு முன்னாடி அந்தப் பொண்ணு உப்பளத்துல ஆம்பளைங்களுக்குச் சமமா உப்பு வாரும். இப்ப உப்புத் தண்ணி பட்டா தோலு வெடிச்சுடுது, எறங்க முடியல.

அதோ பின்னால உக்காந்து, எடது கையால கவர் பிரிச்சுக் குடுக்குதே கலைமதி, அதான் அந்த மருமவ. என் பொண்ணு.

அன்னைக்கே சொல்லியிருக்கலாம்தான். மீன் வெட்டுற கொளஞ்சியம்மா பேச்ச நீ கேட்டிருப்பியா? தம்பொண்ணு வாழலன்னு வயித்தெரிச்சல்ல ஒளர்றான்னுட்டுப் போயிருப்ப. அதான், நீ எலுமிச்சம்பழம் வாங்க அந்தப் பக்கம் போன நேரத்துல, பித்தப்பைய நான்தான் கிள்ளி வயித்துக்குள்ளயே தடவி வுட்டேன். நீ சமைக்கிற லட்சணம் முன்னாடியே தெரிஞ்சிருந்தா எனக்கு அந்த வேலயே இருந்திருக்காது. போ, இன்னும் கத்தணும்னா கத்து. உன் பொண்ணு ரெண்டு கையோட வீட்டுல இருக்குது.